ஏழாம் எதிரியின் மனைவி

தொலைபேசிக் கூண்டின் கண்ணாடிக்கு மேலே பொருத்தியிருந்த அந்த மீட்டர் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கறுப்புப் பெட்டி, அதில் சிவப்பாக எரியும் எண்கள். எதிர்முனையில் ஒரு குரல் கேட்டதும் எண்கள் நகரத் தொடங்கும். மெட்ராஸ் என்றால் நிதானமாக, பம்பாய் என்றால் யாரோ விரட்டுவதைப் போல. உள்ளே இருப்பவர்களின் பேச்சும் அந்த எண்களோடு சேர்ந்து வேகம் பிடிக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில், அந்த எஸ்.டி.டி. பூத் என் பெயரில் இருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இடதுகால் சூம்பிப்போய், ஊன்றுகோல் இல்லாமல் நான்கு அடி எடுத்து வைக்க முடியாது. அந்தக் காலுக்காகக் கிடைத்த பூத் அது. காலையில் அப்பா சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, கதவைத் திறந்து கொடுத்து, அரிசி ஆலைக்கு வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்து அழைத்துப் போவார். நடுவில் இருக்கும் பத்து மணி நேரமும் நானும் அந்த மேசையும்தான்.

கூண்டின் கதவு சரியாகச் சாத்தாது. சாத்தினாலும் பயனில்லை. அந்த நாட்களில் வெளியூருக்குப் பேசுகிறவர்கள் தொலைவைக் குரலால் கடக்கப் பார்ப்பார்கள். சாவு, கல்யாணம், வேலை, சண்டை எல்லாம் என் மேசைக்கு வந்து சேரும். கேட்காதவளைப் போல இருக்கப் பழகிக்கொண்டேன். அந்த ஆண்டு மே மாதம் எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு லாட்ஜில் தங்குகிறவர்களின் பெயரைக் கேட்டுப் போலீஸ் வந்தது. பூத்திலிருந்து எந்த ஊருக்கெல்லாம் பேசுகிறார்கள் என்று கேட்டும் இரண்டு முறை வந்தது. அதட்டவில்லை, கேட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் அன்றிலிருந்து யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாலே என் கை ஊன்றுகோலைத் தேடும். அந்தப் பயம் பழகிப்போயிருந்த ஜூலை மாதத்தில்தான் அக்கா முதன்முதலாக வந்தார்.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து வருகிறவர். பெங்களூர் ரோட்டில் பிளாஸ்டிக் குடம் செய்யும் சின்னக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து விழும் குடத்தின் ஓரத்தில் தொங்கும் பிசிறை வளைந்த கத்தியால் அறுத்தெடுப்பது அவர் பங்கு. விரல் நுனிகளில் நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் துணுக்குகள் ஒட்டியிருக்கும். முப்பத்தைந்து வயதிருக்கலாம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவார். ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, எண்ணை என்னிடம் படிக்கச் சொல்லிவிட்டு, தானே சுழற்றுவார். மெட்ராஸில் இருக்கும் ஒரு வக்கீலின் எண் அது.

அவர் பேசியதைக் கேட்டுக் கேட்டு இரண்டு மூன்று வாரங்களில் எனக்கு எல்லாமே தெரிந்துபோயிற்று. அவருடைய கணவர் லாரி டிரைவர். கொத்தமல்லி மூட்டைகளுக்குள் ஒளித்து ஹெராயின் கடத்திய பெரிய வழக்கு ஒன்றில் அவரும் மாட்டியிருந்தார். வடக்கேயிருந்து வரும் சரக்கை ஒரு கிடங்கில் வைத்துப் பிரித்துக் கட்டி, கடற்கரை ஊர்களுக்கு அனுப்பி, குறுக்கே வந்தவர்களை அடித்துப் போட்டு, பல வருடம் நடந்த தொழில். மொத்தம் பத்தொன்பது பேர் மேல் வழக்கு. கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்பார்கள். முதல் எதிரி அந்தக் கும்பலின் தலைவர். அக்காவின் கணவர் ஏழாம் எதிரி. பதினான்கு பேருக்குத் தண்டனை ஆயிற்று. அவருக்குப் பத்து வருடம். மூட்டை கட்டிய இரண்டு நாளும் ஏழாம் எதிரி கிடங்கிலேயே இருந்து கைவேலை செய்தார், ஆகவே தெரிந்தேதான் லாரியை ஓட்டினார் என்பது தீர்ப்பு.

ஆனால் அந்த இரண்டு நாளும் லாரி எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில், பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்து கழற்றிப் போட்ட நிலையில் கிடந்தது. டிரைவர் அதற்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தார். பட்டறை மேஸ்திரி தன் நோட்டில் தேதியும் லாரி எண்ணும் எழுதி வைத்திருந்தார். வழக்கு நடந்தபோது இது ஏன் வெளியே வரவில்லை என்றால், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வக்கீலை முதல் எதிரிதான் ஏற்பாடு செய்திருந்தார். கிடங்கில் இருந்த ஆள் டிரைவர் இல்லை என்றால் வேறு யார் என்ற கேள்வி வரும். அது முதல் எதிரியின் தம்பி. அவன் பெயர் வழக்கிலேயே இல்லை. சிறையில் மனுப் போட்டுப் பார்க்கப் போனபோது கணவர் அழுதுகொண்டே இதைச் சொல்ல, அக்கா அந்த வக்கீலை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனியாக ஒருவரைப் பிடித்துத் தனி அப்பீல் போட்டிருந்தார். பதின்மூன்று பேர் ஒரு பக்கம், இவர் ஒருவர் மட்டும் தனியாக.

"அவங்களோட சேர்ந்து கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லிட்டேன் சார்" என்று அவர் கூண்டுக்குள்ளிருந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மேஸ்திரி வரேன்னு ஒத்துகினு கீறாரு. ஆனா ஒரு தபாதான் வருவாராம். அதுக்கு மேல கூப்புடக் கூடாதாம்." மேஸ்திரி நேரில் வந்து நோட்டைக் கொடுத்து, வக்கீல் முன்னால் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதை வைத்துத்தான் உயர் நீதிமன்றத்தில் கேட்க முடியும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் ஒரு ஆள் வந்தான். வெள்ளை அரைக்கைச் சட்டை, தேய்த்த மடிப்புக் கலையாமல். நாற்பது வயதுக்குள். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன் யாருக்கும் போன் பேசவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து வறுத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றான். தோலை ஒவ்வொன்றாக என் மேசை விளிம்பில் வரிசையாக வைத்தான்.

"பூத்து உன் பேர்லயா தங்கச்சி?"

"ஆமா சார்."

"கால் பொறந்ததுலேந்தே இப்படியா?"

"ரெண்டு வயசுலேந்து."

அவன் குனிந்து பார்த்தான். "இன்னொரு கால் நல்லாதான கீது" என்றான். அதட்டலே இல்லாத, விசாரிக்கிற குரல். பிறகு சொன்னான்: "பிள்ளைப்பாக்கத்துலேந்து ஒரு அம்மா வருது, வியாழக்கிழமைல. அது இன்னா பேசுதுன்னு எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

முதல் எதிரியின் ஆள் என்று கேட்காமலே புரிந்தது. நான் உடனே சொல்லிவிட்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். யோசிக்கவில்லை, தயங்கவில்லை. வக்கீலின் பெயரைச் சொன்னேன், பட்டறையைச் சொன்னேன், மேஸ்திரி வரச் சம்மதித்ததைச் சொன்னேன். என் வாய் தானாகப் பேசியது. நான் வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்ததைப் போல இருந்தது. அவன் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். மேசை விளிம்பில் இருந்த கடலைத் தோலைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை. சாயங்காலம் அப்பா வந்து துடைத்துவிட்டு, யார் இப்படிப் போட்டது என்று கேட்டார். தெரியாது என்றேன். சொன்னால் மறுநாளே பூத்தை மூடச் சொல்லிவிடுவார். மூடினால் நான் மறுபடி வீட்டு மூலையில் உட்கார வேண்டும். அதுவும் ஒரு பயம். பெரிய பயத்துக்கு அடியில் இந்தச் சின்னப் பயமும் இருந்தது.

இப்படி மூன்று வெள்ளிக்கிழமை அவன் வந்தான். அக்கா வியாழக்கிழமை, அவன் வெள்ளிக்கிழமை. அக்கா என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். கம்பெனியில் கழித்துப்போட்ட சின்னக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து, "வாய் கொஞ்சம் கோணல், தண்ணி நிக்கும்மா" என்று கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். மறுநாள் அவன் கேட்டதற்கும் பதில் சொன்னேன்.

நான்காவது வியாழக்கிழமை அக்கா வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினார். "திங்கக்கெழம காலைல ஏழரை பஸ்ஸுக்கு மேஸ்திரிய கூட்டிகினு வரேன் சார். நோட்டும் எடுத்தாறோம்." அவ்வளவுதான். வெளியே வந்து, வழக்கமாகக் கொடுக்கும் சில்லறையை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார். நான் மீட்டரைப் பார்த்தேன். அது பூஜ்யத்திலேயே நின்றிருந்தது. மெஷின் கோளாறு என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன். வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது திங்கட்கிழமை, ஏழரை பஸ், மேஸ்திரி, நோட்டு என்று எல்லாம் சொன்னேன். மீட்டர் ஓடாததை மட்டும் சொல்லவில்லை. அது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே அப்பா என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். பஸ் நிலையத்தில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மெட்ராஸ் போகும் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி, உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மறுபக்கம் வழியாக இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ நீளமாக இருந்தது. ஏழரை பஸ் போயிற்று. எட்டு மணி பஸ் போயிற்று. பிள்ளைப்பாக்கம் பக்கமிருந்து யார் நடந்து வந்தாலும் அக்காவா என்று எட்டிப் பார்த்தேன். அக்கா வரக்கூடாது, வரக்கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வரவழைத்தவள் நான்தான் என்பதும் அதே நேரத்தில் தெரிந்தது. பத்து மணி வரை அவர்கள் நின்றார்கள். அக்கா வரவில்லை.

பதினோரு மணிக்கு வெள்ளைச் சட்டைக்காரன் உள்ளே வந்தான். அன்றைக்குக் கடலை இல்லை. பெஞ்சில் உட்காரவில்லை.

"தப்பா சொல்லிட்டியே தங்கச்சி."

"எனக்குத் தெரியாது சார். அந்தக்கா அப்படித்தான் பேசினாங்க."

"மேஸ்திரி வெள்ளிக்கெழமையே போயி கையெழுத்து போட்டுட்டு வந்துட்டான். தெரியுமா உனக்கு?"

அவன் சுற்றிலும் பார்த்தான். சுவரில் சாய்த்து வைத்திருந்த என் ஊன்றுகோலை எடுத்தான். அடிக்கப் போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் அதை ஸ்கூட்டரின் முன்பக்கம் சாய்த்து வைத்து, காலால் உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

அன்று பகல் முழுவதும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. வந்தவர்கள் பேசினார்கள், போனார்கள். யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் பின்பக்கம் போக வேண்டியிருக்கும். தரையில் தவழ்ந்து போகலாம், வாசல் திறந்திருந்தது, தெருவே பார்க்கும். ஒரு மனிதனைத் தொடாமலே எப்படிக் கட்டிப்போடலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் திரும்பி வருவானா என்பதைவிட, வந்தால் அடுத்து என்ன கேட்பான், நான் என்ன சொல்வேன் என்பதுதான் என்னை நடுங்க வைத்தது. சொல்ல என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை.

மூன்று மணிக்கு மேல் அக்கா வந்தார். வியாழக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஊன்றுகோல் இல்லாததைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, லாட்ஜின் பின்பக்கம் அழைத்துப் போய், வெளியே காத்து நின்று, திரும்ப அழைத்துவந்து உட்கார வைத்தார். அப்புறம்தான் நான் அழுதேன்.

"உங்கள நான்தான் காட்டிக்குடுத்தேன்கா" என்றேன்.

"தெரியும்மா. மேஸ்திரி வூட்டாண்ட யாரோ போயி மெரட்டிகிறாங்க. அவரப் பத்தி நான் இந்த போன்ல தவிர எங்கியும் பேசல." பெஞ்சில் உட்கார்ந்தார். விரலில் ஒட்டியிருந்த பிசிறைப் பிய்த்துக்கொண்டே பேசினார். "நீ சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் திங்கக்கெழமன்னு சொன்னேன். போன் கொக்கில விரல வெச்சு அமுக்கிகினு, லைன் இல்லாம சும்மா பேசினேன். நெசமாப் பேசினது மணிமங்கலம் பூத்துல."

எனக்குக் கோபம் வந்தது. நான் செய்ததை மறந்துவிட்ட கோபம். "என்னைக் கொன்னிருப்பாங்கக்கா."

"ஆமா" என்றார். மறுக்கவில்லை. "அத்த நெனச்சிதான் நாலு நாளா தூக்கமில்ல. தெரிஞ்சேதான் பண்ணேன். வேற வழி தெரில. உன்னாண்ட மன்னிப்பு கேக்க எனக்கு மூஞ்சி இல்லம்மா."

அவர் கேட்கவும் இல்லை. மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி வந்தார். யாருக்கும் பேசவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஒரு மூட்டைக் குவளைகளைக் கொட்டி, வளைந்த கத்தியால் பிசிறு அறுக்கத் தொடங்கினார். முதலாளியிடம் கேட்டு வேலையை வெளியே எடுத்து வந்திருக்கிறாராம். அப்பா வரும்வரை இருந்தார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல். காலையில் மட்டும் நான் தனியாக இருந்தேன். லாட்ஜ் மேனேஜரிடம் என்ன சொன்னாரோ, அவர் மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அப்பாவிடம் ஊன்றுகோல் திருடு போய்விட்டது என்று சொன்னேன். அப்பா புதிது வாங்கித் தந்தார். யார் அந்த அம்மா என்று கேட்டதற்கு, கம்பெனி வேலையை உட்கார்ந்து செய்ய இடம் கேட்டார் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு முறை அவன் வந்தான். உள்ளே வரவில்லை. எதிரே டீக்கடையில் கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றான். அக்கா நிமிரவில்லை. ஆனால் அவர் கை நின்றுவிட்டது. அறுத்துக்கொண்டிருந்த குவளை மடியிலேயே கிடந்தது. அதுவரை அவருக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. "பாக்காதம்மா. எனக்கும் காலு நடுங்குது. பேசிகினே இரு, எதுனா பேசு" என்றார். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவன் டீயைக் குடித்துவிட்டுப் போனான். மேஸ்திரியின் வாக்குமூலம் கோர்ட்டில் ஏறிவிட்ட பிறகு எங்களை மிரட்டி ஆவதொன்றுமில்லை என்று பிறகு வக்கீல் சொன்னாராம். அன்றைக்கு அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அப்பீல் இரண்டு வருடம் போல இழுத்தது. மேஸ்திரி, ஒரு தடவைதான் வருவேன் என்றவர், நீதிமன்றம் கூப்பிட்டபோது இரண்டாம் தடவையும் போனார். தீர்ப்பு வரும் நாளன்று நாலு மணிக்கு மேல் போன் செய்யச் சொல்லியிருந்தார்கள். அக்கா மூன்று மணிக்கே வந்துவிட்டார். நாலு மணிக்குச் சீட்டை எடுத்தார், கூண்டுக்குள் போனார், ரிசீவரைத் தொடாமலே வெளியே வந்தார். "நீயே கேட்டுச் சொல்லும்மா. என்னால ஆவாது."

என் சொந்த பூத்தில் அதற்கு முன் கூண்டுக்குள் நின்று நான் யாருக்கும் பேசியதில்லை. வக்கீலின் குமாஸ்தாதான் எடுத்தார். பெயரைச் சொன்னதும் காகிதத்தைப் பார்த்து வரிசையாகப் படிக்கத் தொடங்கிவிட்டார். ஒன்றாம் எதிரி, தண்டனை உறுதி. இரண்டாம் எதிரி, உறுதி. மூன்றாம் எதிரி, உறுதி. ஏழாம் எதிரியை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான்கு உறுதி, ஐந்து உறுதி. கண்ணாடிக்கு வெளியே அக்கா என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் எதிரி இந்த வழக்கில் முன்பே விடுவிக்கப்பட்டவர் என்று சொல்லிவிட்டுக் குமாஸ்தா இருமினார். இருமி முடித்துத் தண்ணீர் குடித்தார் போலிருக்கிறது. பிறகு, "ஏழாம் எதிரி, தண்டனை ரத்து, விடுதலை" என்றார்.

நான் வெளியே வந்தேன். அக்கா கணவரைப் பற்றிக் கேட்கவில்லை. முதலில், "ஒண்ணாம் எதிரிக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"உறுதி பண்ணிட்டாங்கக்கா."

அவர் மூச்சை விட்டார். அதற்குப் பிறகுதான், "இவருக்கு?" என்றார். சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கணவர் வெளியே வந்த நான்காம் நாள் இருவரும் வந்தார்கள். மெலிந்த, கூச்சமான மனிதர். தெருவைப் பார்த்தபடியே நின்றார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. ஊரை விட்டுப் போகிறோம் என்றார் அக்கா. உள்ளே இருக்கும் முதல் எதிரி தண்டனை முடிந்து ஒருநாள் வெளியே வருவார், வெளியே இருக்கும் தம்பி எங்கேயும் போய்விடவில்லை.

"எங்கக்கா போறீங்க?"

"உன்னாண்ட சொல்ல மாட்டேம்மா." என் தலையைத் தடவினார். "நம்பாம இல்ல. தெரிஞ்சிகினா நீ பயந்துகினே கெடக்கணும். அதான்."

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பூத்துகள் போய்விட்டன. பிள்ளைப்பாக்கத்து வயல்களில் கம்பெனிகள் எழும்பிவிட்டன. என் மகன் ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். அவனை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காலையில் வாசலில் நிற்கையில், வெள்ளைச் சட்டை போட்ட யாராவது ஸ்கூட்டரை மெதுவாக்கினால் இப்போதும் என் கை ஊன்றுகோலை இறுகப் பற்றிக்கொள்ளும். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை, இனிப் போகாது என்றும் தெரியும். ஆனால் அவன் வந்து நின்று, அந்த அம்மா எங்கே என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. தெரியாது சார். அது பொய்யில்லை. எந்தக் காலை உடைத்தாலும் என்னிடமிருந்து வேறு பதில் வராது. அப்படி ஒரு ஏற்பாட்டை எனக்காகச் செய்துவிட்டுத்தான் அக்கா போனார்.